அனுப்புநர் நீங்கள் இல்லை

போன மே மாசம் நம்ம கிளாஸ்ல பாதிப் பேர் ட்ரெயினிங்னு சென்னை, பெங்களூருன்னு கிளம்பிட்டாங்க. எனக்கு அமைஞ்சது திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி. மாமாவோட சிநேகிதர் சொல்லி வாங்கிக் கொடுத்த இடம். பேர் வேண்டாம், இதைப் படிக்கிற யாராவது அங்கேயே வேலைக்குப் போனாலும் போகலாம்.

ஐடி டிபார்ட்மென்ட்னு போர்டு இருந்தது. உள்ளே ஒரே ஒரு அண்ணன். அவரைத் தவிர காலி டோனர் பெட்டிகள், ரெண்டு செத்துப்போன யூபிஎஸ், ஒரு டேபிள் ஃபேன். மொத்த ஆபீஸுக்கும் மெயில் போறது வாடகைக்கு எடுத்த ஒரு லினக்ஸ் சர்வர்ல ஓடுற போஸ்ட்ஃபிக்ஸ் வழியா. முதல் நாளே அண்ணன் சொன்னார்: "இதை யாரும் தொட்டு அஞ்சு வருஷமாச்சு. நீயும் தொடாத."

தொட வேண்டியதாப் போச்சு.

நான் சேர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி ஒரு சம்பவம். டாக்குமென்டேஷன்ல ஒரு அக்கா இருக்காங்க. பதினாலு வருஷ சர்வீஸ். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் அவங்க கை பட்டுத்தான் வெளியே போகும். எல்லாரும் கூப்பிடுற மாதிரி நானும் அவங்களை டாக்ஸ் அக்கான்னே எழுதுறேன். அவங்க முகவரியிலிருந்து வெளிநாட்டு பையர் ஒருத்தருக்கு, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி பணத்தை இந்தக் கணக்கில் போடவும்'னு ஒரு மெயில் போயிருந்தது. நல்லவேளையா அந்த பையர் ஃபோன் பண்ணிக் கேட்டார். பணம் போகலை. ஆனா அக்காவை யாரும் பழைய மாதிரி பார்க்கலை. "உங்க ஐடியிலருந்துதானே போயிருக்கு?" இந்தக் கேள்விக்கு அவங்ககிட்ட பதில் இல்லை. யார்கிட்டயும் இல்லை.

சர்வர்ல மெயில் லாக் நாலு வாரம்தான் தங்கும். சும்மா உட்கார்ந்திருந்த முதல் வாரத்துல பழைய லாக் கோப்புகளைப் பிரிச்சுப் பார்த்தேன். அந்த மெயிலுக்கான ரெண்டு வரி கிடைச்சது. ஒரு வரியில அனுப்புநர் முகவரி: அக்காவோடது. இன்னொரு வரியில, எந்த லாகின் போட்டு உள்ளே வந்தாங்கன்னு இருக்கும்: ஸ்டோர்ஸ். ஐபி முகவரி இந்தியாவே இல்லை. ஸ்டோர்ஸ் ஐடியோட பாஸ்வேர்டு என்னன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். ஸ்டோர்ஸ்னு எழுதி பக்கத்துல 123. அதுக்கு மேல நான் கேட்கலை.

இங்கே ஒரு நிமிஷம் பாடத்துக்குப் போகணும். எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821-ஆ எழுதினது 1982-ல. அதுல பாஸ்வேர்டுங்கிற பேச்சே கிடையாது. 'மெயில் ஃப்ரம்'னு சொல்லி எந்த முகவரியைக் கொடுத்தாலும் சர்வர் நம்பிக்கும். லாகின் பண்ணிட்டு அனுப்புற முறை 1999-லதான் ஆர்எஃப்சி 2554-ஆ வந்தது. வந்த பிறகும் அது கேட்கிறது ஒரே கேள்வி: நீ யார்? 'சரி, நீ யார் பேர்ல அனுப்பலாம்?'ங்கிறது தனிக் கேள்வி. அதை சர்வரை நடத்துறவன்தான் கேட்க வைக்கணும். செமஸ்டர்ல இதே எஸ்எம்டிபிக்கு 13 மார்க் கேள்வி வந்தப்ப ஹலோ, மெயில் ஃப்ரம், ஆர்சிபிடி டூ, டேட்டா, குவிட்னு அம்புக்குறி போட்டுப் படம் வரைஞ்சேன். அந்த மெயில் ஃப்ரம்மை யார் சரிபார்க்கிறாங்கன்னு எனக்கும் தோணலை, பேப்பர் திருத்தினவருக்கும் தோணலை.

வியாழக்கிழமை சாயங்காலம் என் லாகின்லருந்து, எம்டி பேர்ல, அண்ணனுக்கு ஒரு மெயில் போட்டேன்: 'இனி எல்லா சனிக்கிழமையும் லீவு.' அண்ணன் முதல்ல சிரிச்சார். அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. "யார் பேர்ல வேணா அனுப்பலாமா?" ஆமாண்ணா. "சரி, மாத்திரு. பாத்து மாத்து." அவர் மறுநாள் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு ஈரோடு கிளம்பற அவசரத்துல இருந்தார்.

போஸ்ட்ஃபிக்ஸ்ல இதுக்கு வழி ரெடியா இருக்கு. எந்த முகவரி எந்த லாகினுக்குச் சொந்தம்னு ஒரு பட்டியல். பட்டியலோட ஒத்துப்போகலைன்னா மறுத்துடுன்னு ஒரு விதி. எச்ஆர்கிட்ட ஊழியர் லிஸ்ட் வாங்கினேன். பைத்தான்ல பத்து வரி எழுதி ஒவ்வொரு முகவரிக்கும் நேரா அதே ஆளோட லாகினைப் போட்டேன். என் பேர்ல அனுப்பினேன், போச்சு. எம்டி பேர்ல அனுப்பினேன், மறுத்துடுச்சு. ரெண்டு டெஸ்ட், ரெண்டும் பாஸ். ஆறரை பஸ்ஸுல ஜன்னல் சீட் வேற. வாழ்க்கையில முதல் தடவையா நிஜமான ஒரு சர்வரை நான் காப்பாத்தியிருக்கேன்னு நினைச்சுக்கிட்டே ரூமுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை நான் போகும்போது மணி பத்து. டாக்குமென்டேஷன் பக்கம் கூட்டம்.

அன்னிக்குப் பன்னிரண்டு மணிக்குள்ள ஒரு கன்டெய்னருக்கான பேப்பர்கள் தூத்துக்குடியில இருக்கிற ஃபார்வர்டருக்குப் போகணும். கட்-ஆஃப் தாண்டினா பெட்டி அந்தக் கப்பல்ல ஏறாது, அடுத்த கப்பல்தான். சரக்கு லேட்டானா பையர் விலையைக் குறைப்பார், இல்ல விமானத்துல அனுப்புன்னுவார். விமானச் செலவு நம்ம தலையில. பனியன் துணியில இருக்கிற லாபத்துக்கு விமானம் எல்லாம் கட்டுப்படியாகாது.

அக்கா காலையில ஒன்பதரையிலருந்து அனுப்பிட்டே இருக்காங்க, போகலை. அவங்க பயன்படுத்துறது தண்டர்பேர்டு. திரையில ஒரு பெட்டி வருது. அதுல சர்வர் சொன்னது நடுவுல இருக்கு: 5.7.1, அனுப்புநர் முகவரி மறுக்கப்பட்டது, இந்தப் பயனருக்குச் சொந்தமில்லை. இதை யார் படிப்பாங்க? கடைசி வரியைத்தான் படிப்பாங்க. அந்தக் கடைசி வரி சர்வர் சொல்றது இல்லை, தண்டர்பேர்டு தானே சேர்த்துக்கிறது: 'பெறுநரின் முகவரியைச் சரிபார்த்து மறுபடி முயலவும்.' தப்பு அனுப்புநர்கிட்ட, சரிபார்க்கச் சொல்றது பெறுநரை. பாவம் அக்கா, தூத்துக்குடி முகவரியை எழுத்து எழுத்தா அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டு இருந்தாங்க. பக்கத்துல பேப்பர்ல எழுதி வேற வச்சிருந்தாங்க.

அந்த எண்களைப் படிக்கத் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. முதல்ல 5 இருந்தா நிரந்தர மறுப்பு, திரும்பத் திரும்ப அனுப்பிப் பிரயோஜனமில்லை. 4 இருந்தா தற்காலிகம், காத்திருக்கலாம். நடுவுல 7 இருந்தா பாதுகாப்பு அல்லது கொள்கை சம்பந்தப்பட்டது. அதாவது முகவரி தப்பு இல்லை, நெட் தகராறு இல்லை, யாரோ ஒருத்தர் 'கூடாது'ன்னு எழுதி வச்சிருக்காங்க.

அந்த யாரோ நான்தான். பார்த்த நொடியே புரிஞ்சது. அக்கா அனுப்புறது அவங்க சொந்த ஐடியிலருந்து இல்லை. டாக்ஸ்னு ஒரு பொது முகவரி. அதுக்கு வர்ற மெயில் மூணு பேருக்குப் போகும். மூணு பேரும் அவங்கவங்க லாகின்ல உள்ளே வந்து டாக்ஸ் பேர்ல பதில் போடுவாங்க. எச்ஆர் லிஸ்ட்ல டாக்ஸ்னு ஒரு ஊழியர் இல்லை. அதனால என் பட்டியல்லயும் இல்லை. சம்பளம் வாங்காத முகவரி எனக்கு முகவரியாவே தெரியலை.

அக்கா அதுக்குள்ள தன் சொந்த ஜிமெயில்லருந்து பேப்பர்களை அனுப்பியிருந்தாங்க. ஃபார்வர்டர் ஆபீஸ் பதில்: 'பதிவு செய்த முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே ஏற்போம்.' அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. நான் முந்தின நாள் செஞ்ச அதே வேலையைத்தான் அவங்களும் செய்றாங்க.

ஓடிப்போய் பட்டியலைத் திறந்தேன். டாக்ஸுக்கு மூணு வரி சேர்த்தேன், எச்ஆர் லிஸ்ட் வரிசையிலேயே: முதல்ல புதுசா சேர்ந்த பையன், அடுத்து அக்கா, அப்புறம் இன்னொருத்தர். போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டினேன். ஏதோ எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைதானே, எரர் இல்லையேன்னு விட்டுட்டேன். நம்ம லேப்ல கம்பைலர் வார்னிங்கை விடுற பழக்கம். "அக்கா, இப்ப அனுப்புங்க."

மறுபடி அதே பெட்டி. மணி பதினொண்ணு.

அப்பத்தான் ஷிப்பிங் மேனேஜர் வந்தார். திரையில கடைசி வரியைப் படிச்சார். "அட்ரஸை செக் பண்ணுன்னு அதுவே சொல்லுது. பதினாலு வருஷமா இங்க என்ன பண்றீங்க? ஒரு அட்ரஸ் ஒழுங்கா அடிக்கத் தெரியாதா? போன மாசம் அப்படி, இந்த மாசம் இப்படி." முப்பது பேர் இருக்கிற ஹால். தையல் மெஷின் சத்தம் கூட இங்க வராது, எல்லாருக்கும் நல்லாக் கேட்டது. அக்கா ஒண்ணும் சொல்லலை. பேப்பரைப் பார்த்து மறுபடி அடிக்க ஆரம்பிச்சாங்க.

நான் பத்தடி தள்ளி நின்னுட்டு இருந்தேன். வாயைத் திறக்கலை.

ஐடி ரூமுக்குப் போய் அந்த எச்சரிக்கையை இப்பதான் படிச்சேன்: 'டூப்ளிகேட் என்ட்ரி.' ஒரே முகவரியை மூணு வரியில எழுதினா அது முதல் வரியை மட்டும்தான் எடுத்துக்கும், மத்த ரெண்டும் இல்லாத மாதிரி. புதுப் பையனுக்கு மட்டும் அனுமதி கிடைச்சிருக்கு. அவனோ அன்னிக்கு லீவு. ஒரே வரியில, மூணு லாகினையும் கமா போட்டு எழுதணும். எழுதினேன். மறுபடி ஓட்டினேன். எச்சரிக்கை இல்லை. பதினொண்ணே இருபதுக்கு மெயில் போச்சு. பத்து நிமிஷத்துல தூத்துக்குடியிலருந்து 'ரிசீவ்ட்'னு பதில்.

மேனேஜர் சொன்னார்: "பாத்தீங்களா, ஒழுங்கா அடிச்சா போகுதில்ல?"

இதை எழுதும்போது கூட அந்த வரி உறுத்துது. அப்பவும் நான் சொல்லலை. கப்பல் ஏறிடுச்சு, பிரச்சினை முடிஞ்சதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ட்ரெயினிங் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடப்போறவர் அந்த மேனேஜர்தான்ங்கிறதும் மனசுல ஓடிச்சு. மறைக்க மாட்டேன்.

மத்தியானம் அக்கவுன்ட்ஸ்ல ஸ்கேனர் வேலை செய்யலைன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தாங்க. அவர் ரோலரைத் துடைச்சுட்டு 600 ரூபாய் வாங்கிட்டுப் போனார். ஸ்கேனருக்கு ஒரு கேடும் இல்லை. அது லாகின் பண்ணாம, அக்கவுன்ட்ஸ் முகவரியைப் போட்டு மெயில் அனுப்புற மெஷின். என் விதி அதையும் 'லாகின் பண்ணலை'ன்னு விரட்டியிருக்கு. அந்த 600 ரூபாயும் என் கணக்குலதான் சேரணும்.

நாலு மணிக்கு டீ வரும். அக்கா டம்ளரை எடுத்துட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்னாங்க. போய்ச் சொன்னேன். என்ன மாத்தினேன், ஏன் மாத்தினேன், எதை விட்டுட்டேன், மேனேஜர் திட்டும்போது எனக்குத் தெரியும்ங்கிறது வரைக்கும்.

கொஞ்ச நேரம் டீயையே பார்த்துட்டு இருந்தாங்க. "அந்தத் திருட்டு மெயில் போனப்ப, அது நானில்லைன்னு தெரிஞ்ச பின்னாடியும் யாரும் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லலிங் தம்பி. நீங்களாச்சும் சொன்னீங்க." அப்புறம், "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அவர்கிட்டச் சொல்லுங்."

போய்ச் சொன்னேன். மேனேஜர் ஃபைல்லருந்து தலையை எடுக்கலை. "அதான் போயிருச்சில்ல, விடு தம்பி." அக்காகிட்ட அவர் போனதா நான் பார்க்கலை.

திங்கட்கிழமை அண்ணன் வந்ததும் முழுசையும் ஒப்பிச்சேன். திட்டலை. எந்த வார்த்தையையும் விட மோசமா ஒரு பார்வை பார்த்துட்டு, ஒரு விஷயம் காட்டினார். போஸ்ட்ஃபிக்ஸ்ல விதிக்கு முன்னாடி 'வார்ன் இஃப் ரிஜெக்ட்'னு ஒரு சொல் சேர்க்கலாம். சேர்த்தா மறுக்காது, மறுத்திருப்பேன்னு லாக்ல மட்டும் எழுதி வைக்கும். வியாழக்கிழமை நான் செஞ்சிருக்க வேண்டியது இதைத்தான். ஸ்டோர்ஸ் பாஸ்வேர்டை ஏற்கெனவே மாத்தியாச்சு. மத்தவங்களோடதையும் மாத்தச் சொல்லிட்டு, ஒரு வாரம் அப்படியே ஓட விட்டோம்.

அந்த ஒரு வார லாக் மாதிரி சுவாரசியமான எதையும் நான் காலேஜ்ல படிச்சதில்லை. எச்ஆர் லிஸ்ட் ஒரு கம்பெனி, லாக் வேற கம்பெனி. பர்ச்சேஸ் ஐடியை அஞ்சு பேர் பயன்படுத்துறாங்க. ரிட்டயர் ஆன ஒருத்தர் பேர்ல இன்னமும் டையிங் யூனிட்டுக்கு மெயில் போகுது, அங்க இருக்கிறவங்களுக்கு அந்தப் பேர்தான் பழக்கமாம். ஷிப்பிங் மேனேஜர் பேர்ல போற மெயில்கள்ல பெரும்பாலானதை அனுப்பற லாகின் யாரோடது தெரியுமா? அக்காவோடது. ராத்திரி எட்டரைக்கும் ஒன்பதுக்கும் போனது கூட.

இடையில ஒண்ணு சொல்லிடறேன். என் ரூம்மேட் ட்ரெயினிங் போன இடத்துல மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச். அங்கேயும் இதே கதை, எண் மட்டும் வேற, 550 5.7.60. ஒரு பொது மெயில்பாக்ஸுக்கு 'ஃபுல் ஆக்ஸஸ்' கொடுத்துட்டு, அனுப்ப ஏன் முடியலைன்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சிருக்காங்க. ஃபுல் ஆக்ஸஸ்ங்கிறது பீரோ சாவி மாதிரி, திறந்து படிக்கலாம். அந்தப் பேர்ல அனுப்ப 'செண்ட் ஆஸ்'ங்கிற அனுமதி தனியாக் கொடுக்கணும். இன்னார் சார்பாக இன்னார்னு ரெண்டு பேரும் தெரியற மாதிரி அனுப்பணும்னா 'செண்ட் ஆன் பிஹாஃப்'. எனக்கென்னவோ இந்த மூணாவதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. உழைச்சவங்க பேரும் கவர்ல வரும்.

எங்க போஸ்ட்ஃபிக்ஸ் பட்டியல்ல அந்த வசதி இல்லை. அதனால பட்டியலை எடுத்துட்டு ஒவ்வொரு முகவரிக்கும் உரிய ஆள்கிட்டப் போய் 'உங்க பேர்ல வேற யார் அனுப்பலாம்?'னு கேட்டுக் கையெழுத்து வாங்கினேன். அண்ணன் யோசனை அது. மேனேஜர்கிட்டப் போனப்ப பேப்பரை நீட்டி, "சார், உங்க ஐடியிலருந்து இப்ப அனுப்புறவங்க" அப்படின்னு அக்கா லாகினைக் காட்டினேன். பக்கத்துல எத்தனை மெயில்னு லாக் எண்ணிக்கையும் இருந்தது. நான் வேணும்னே போடலை. சரி, வேணும்னேதான் போட்டேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ம். போட்டுக்க." கையெழுத்துப் போட்டார். அன்னிக்கு ஏழு மணிக்கு அக்காவை "நீங்க கிளம்புங்க, மீதியை நான் பாத்துக்கறேன்"னு சொன்னதை மட்டும் கேட்டேன். அதுக்கு அர்த்தம் என்னன்னு எனக்குத் தெரியாது.

ட்ரெயினிங்கோட கடைசி நாள் விதியை முழுசா அமலுக்குக் கொண்டு வந்தோம். ஒரு மணி நேரம் லாகையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மறுப்பும் வரலை. ஸ்கேனருக்குத் தனி லாகின், தனி முகவரி. சொல்லிட்டுக் கிளம்பலாம்னு அக்காகிட்டப் போனேன்.

"இனிமேல் எம்பேர்ல வேற யாரும் அனுப்ப முடியாதுங்களா தம்பி?"

முடியாதுக்கான்னு சொல்ல வாயெடுத்துட்டேன். ஆனா அது முழு உண்மை இல்லை. ஒரு மெயிலுக்கு அனுப்புநர் ரெண்டு இடத்துல இருப்பார்: கவர் மேல ஒண்ணு, உள்ளே கடிதத்துல ஒண்ணு. சர்வர் பேசிக்கிறது கவர்ல இருக்கிறதை வச்சு. வாங்குறவங்க திரையில பார்க்கிறது கடிதத்துல இருக்கிறதை. நாங்க போட்ட விதி பார்க்கிறது கவரை மட்டும். கவர்ல தன் சொந்தப் பேரைப் போட்டுட்டு உள்ளே அக்கா பேரை எழுத, வேற யாரோட லாகினாவது கையில இருக்கிறவனால இன்னமும் முடியும். அதைப் பிடிக்கத் தனியா ஒரு ஃபில்டர் வைக்கணும்.

இதையெல்லாம் கவர், கடிதம்னே சொல்லி விளக்கினேன். உடனே பிடிச்சுக்கிட்டாங்க. நாள் முழுக்கக் கவரோடயும் பேப்பரோடயும் இருக்கிறவங்க.

"அப்ப அந்த ஃபில்டரை வைக்க எவ்வளவு நேரமாகுங்?"

மணியைப் பார்த்தேன். அஞ்சே முக்கால். பையைக் கீழே வச்சுட்டு, அண்ணன் ரூம் பூட்டுறதுக்கு முன்னாடி பிடிக்கலாம்னு ஓடினேன். அன்னிக்கு ஆறரை பஸ் போயிருச்சு, எட்டரை பஸ்ஸும் போயிருச்சு.